கரையில் நிலைத்த பெயர்கள்: ஜார்ஜ் டவுனும் தமிழர் மரபும்

துறைமுக நகரத்தின் வரலாறு இரண்டு இடங்களில் தங்கியிருக்கும். ஒன்று, கல்லாலும் செங்கல்லாலும் எழுந்த கட்டடங்கள்; மற்றொன்று, மக்கள் நாவில் வழங்கும் பெயர்கள். கட்டடத்தைக் காக்கச் சட்டம் உண்டு. பெயரைக் காப்பது அதைச் சொல்லி வாழும் மக்களே. பினாங்குத் தலைநகராகிய ஜார்ஜ் டவுனின் கடற்கரைப் பகுதியை இவ்விரண்டு கண்களாலும் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் இத்தீவைக் கைக்கொண்டார் என்பதிலிருந்தே நகரின் வரலாறு பெரும்பாலும் தொடங்கப்படுகிறது. ஆயினும் அப்போது இத்தீவு கெடா சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்தது; கெடாத் துறைகளுக்குச் சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர் நெடுங்காலமாக வந்து சென்றனர். தமிழ் மரபில் கடாரம் எனப் போற்றப்படுவது இக்கெடாவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. புதிய துறை திறந்ததும் அவ்வணிகரின் கப்பல்கள் இங்கும் திரும்பின. 1794இல் எழுதிய குறிப்பில், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, வணிகத்தாலும் பலவகை உழைப்பாலும் சிறிது பொருளீட்டி ஊர் திரும்புவதையும், அவரிடத்தைப் பிறர் வந்து நிரப்புவதையும் லைட்டே பதிவு செய்துள்ளார். பிறந்த எட்டாண்டுகளுக்குள் இந்நகரம் தமிழர் வந்து போகும் வாயிலாகிவிட்டது.

இன்று பயணிகள் முதலில் காண்பது கடலை நோக்கிய கார்ன்வாலிஸ் கோட்டை. தொடக்கத்தில் நிபோங் மரத்தால் அமைந்த வேலி, பின்னர் செங்கல் மதிலாக எழுந்தது. அதனருகே விக்டோரியா நினைவு மணிக்கூண்டு நிற்கிறது. அரசி ஆண்ட 60 ஆண்டுகளைக் குறிக்க அதன் உயரமும் 60 அடியாக அமைக்கப்பட்டது. சிறிது தொலைவில் 1818இல் கட்டப்பெற்ற புனித ஜார்ஜ் தேவாலயம். கோட்டைக்குக் கும்பினியின் தலைமை ஆளுநர் பெயர்; தேவாலயத்துக்குப் புனிதரின் பெயர். இவற்றைக் கட்டியெழுப்ப உழைத்தவருள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளும் இருந்தனர். அவர்தம் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

தேவாலயத்திலிருந்து தெற்கே செல்லும் சாலை, ஆங்கிலேய அமைச்சர் பிட்டின் பெயரைத் தாங்கியிருந்தது. இன்று அது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. 1801இல் அப்பள்ளிவாசலை நிறுவியவர் தென்னிந்திய முஸ்லிம் சமூகத்தின் தலைவராகிய காதர் முகைதீன். சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்கா, கடலோடிகளின் காவலராகக் கருதப்படும் சாகுல் ஹமீது ஆண்டகையை நினைவூட்டுகிறது. குவீன் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் உள்ளது. இவையனைத்தும் சில நிமிட நடைத் தொலைவில் அடங்குவன.

இப்பெயர்களுக்குள்ளும் வரலாறு உறைகிறது. சூலியா என்பதைச் சோழர் பெயரோடும், கெலிங் என்பதைக் கலிங்கத்தோடும் தொடர்புபடுத்துவர். முன்னாளில் ஒரு சமூகத்தைக் குறித்த கெலிங் என்னும் சொல், இன்று மலேசிய இந்தியரைப் புண்படுத்தும் சொல்லாகிவிட்டது. வகுப்பறையில் இதை மறைத்துச் செல்வது தீர்வன்று. ஒரு சொல் எவ்வாறு மதிப்பிழந்தது என ஆராய்வதும் வரலாற்றுக் கல்வியே.

அரசு வரைபடம் லெபு பசார் எனக் குறிப்பதைத் தமிழர் கடைத்தெரு என்றனர். நகரத்தார் தங்கித் தொழில் நடத்திய இடம் கிட்டங்கி. தைப்பூசத்தில் வெள்ளி இரதம் புறப்படும் இடம் கோயில் வீடு. தோளில் காவடித் தண்டு சுமந்து துறைமுகத் தொழிலாளர்க்குச் சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு, காவுதலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லால் நாசி கண்டார் ஆயிற்று. சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து வந்த ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் முதியோர் முகம் இன்றும் மலரும்.

1969இல் தீர்வையற்ற துறைமுகத் தகுதி நீங்கியதும் வணிகம் தளர்ந்தது. காலப்போக்கில் சுற்றுலா அவ்விடத்தைப் பிடித்தது. 1997இல் நீக்கப்பட்ட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அளித்த பாதுகாப்பு 1999 இறுதியோடு முடிந்தது. வாடகை உயர, பழைய கடைவீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல வெளியேறின. 2008 ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோ, மலாக்காவுடன் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுடைமையாக அறிவித்தது. சுவர்களுக்குக் காப்புக் கிடைத்த வேளையில், அச்சுவர்களுக்குள் பேசிய குரல்கள் குறைந்துவிட்டன. வண்ணம் புதுக்கிய வீட்டில் தங்கும் பயணி, அது கிட்டங்கியாக இருந்ததென்று யாரிடம் கேட்டறிவார்?

ஆதலின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு பணி காத்திருக்கிறது. கட்டடத்தைப் பேணப் பெரும்பொருள் வேண்டும். பெயரைப் பேண ஓர் ஏடும் எழுதுகோலும் போதும். ஒவ்வொரு மாணவரும் தம் இல்லத்து முதியோரிடம் தெருக்கள், கடைகள், கப்பல்கள், தொழில்கள் ஆகியவற்றின் தமிழ்ப் பெயர்களைக் கேட்டு, சொன்னவர், சொல்லிய நாள், குறித்த இடம் ஆகியவற்றோடு எழுதி வைக்கலாம். பள்ளி நூலகம் அவற்றைத் தொகுத்துக் காக்கலாம். அத்தொகுப்பைக் கையிலேந்தி நடப்போர்க்கு, பெயரற்ற கைதிகள் எழுப்பிய மதிலும் காவடித் தண்டு சென்ற வீதியும் ஒரே வரலாற்றின் பக்கங்களாகத் தோன்றும்.