ஆஸ்துமா: நுரையீரலில் நோயெதிர்ப்புச் செல்கள் செயல்படும் விதம்

நாம் உள்ளிழுக்கும் காற்றுடன் தூசி, மகரந்தம், கிருமிகள் ஆகியனவும் நுரையீரலை அடைகின்றன. அவற்றிலிருந்து காப்பது அங்குள்ள நோயெதிர்ப்புச் செல்களின் பணியாகும். எடுத்துக்காட்டாக, காற்று நுண்ணறைகளில் உள்ள மேக்ரோஃபேஜ் செல்கள் இத்துகள்களை விழுங்கி அகற்றுகின்றன. ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்களின் உடலோ, தீங்கற்ற பொருள்களையும் பகையாகக் கருதி எதிர்க்கிறது.

மூச்சுக்குழாயில் நிகழ்வது என்ன?

வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி, கரப்பான்பூச்சியின் கழிவு போன்றவற்றுக்கு எதிராக ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் உருவாகிறது. இது மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள மாஸ்ட் செல்களின் மீது படிகிறது. அதே பொருள் மீண்டும் உட்செல்லும்போது, மாஸ்ட் செல்கள் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அதனால் மூச்சுக்குழாய்த் தசைகள் இறுகுகின்றன; சளி மிகுகிறது; இருமலும் இளைப்பும் தோன்றுகின்றன.

சில மணி நேரத்திற்குப் பின், இரத்தத்திலிருந்து ஈசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் அங்கு வந்து சேர்கின்றன. இவை வெளியிடும் புரதங்கள் மூச்சுக்குழாயின் உட்படலத்தைப் புண்படுத்துகின்றன. காலையில் தூசி பட்டவருக்கு மாலையில் மீண்டும் இளைப்பு வருவது இதனாலேயே.

அறிகுறி இல்லாதபோதும் மருந்து ஏன்?

இளைப்பு தணிந்த பின்னரும் இச்செல்கள் மூச்சுக்குழாயில் தங்கி, அழற்சியை நீடிக்கச் செய்யலாம். சால்பியூட்டமால் போன்ற நிவாரண இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்தும், அழற்சியைக் குறைக்காது. ஸ்டீராய்டு கலந்த தடுப்பு இன்ஹேலரே ஈசினோஃபில்களின் எண்ணிக்கையைக் குறைத்து அழற்சியைத் தணிக்கிறது. அதை நிறுத்தினால் அழற்சி மீண்டும் தலைதூக்கக்கூடும்.

சிலருக்கு ஈசினோஃபில்களுக்கு மாறாக நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் மிகுந்திருக்கும். எனவே ஒரே மருந்து அனைவருக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. கடுமையான ஆஸ்துமாவில், இரத்தப் பரிசோதனைக்குப் பின், ஐஜிஇ-யைத் தடுக்கும் ஓமலிசுமாப் அல்லது ஈசினோஃபில்களைக் குறைக்கும் மெபோலிசுமாப் ஊசியை மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• மருத்துவரைக் கேட்காமல் தடுப்பு இன்ஹேலரை நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.
• அதைப் பயன்படுத்திய பின் வாயைக் கொப்பளித்துத் துப்பவும்.
• நிவாரண இன்ஹேலர் அடிக்கடி தேவைப்பட்டால், அழற்சி கட்டுக்குள் இல்லை எனக் கொண்டு மருத்துவரை அணுகவும்.
• ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலமாதல், நிவாரண மருந்து பயனளிக்காமை ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால், காலம் தாழ்த்தாமல் அவசர மருத்துவ உதவியை நாடவும்.