ஏற்காடு மலை மக்களின் உரிமைகள்: சட்டம் இருக்கு, ஆனா ஊர் வரைக்கும் யார் கொண்டு வர்றது? | விளக்கம்

ஏற்காடுன்னு சொன்னதும் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏரி, லேடீஸ் சீட், மே மாத கோடை விழா எல்லாம் ஞாபகம் வரும். ஆனால் சேலம் மாவட்டத்தில் இருக்கிற இந்த ஏற்காடு, பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி என்பது பலருக்குத் தெரியாது. தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் இரண்டுதான். ஒன்று ஏற்காடு, இன்னொன்று நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலம்.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழும் 'மலையாளி' பழங்குடி மக்களுக்கு சட்டம் என்னென்ன உரிமைகளைக் கொடுத்திருக்கு? அந்த உரிமைகள் ஊருக்குள் வர்றதில் மலைவாழ் மக்கள் சங்கங்களின் பங்கு என்ன? பக்கத்து மாவட்டத்து வாச்சாத்தி வழக்கு இதில் என்ன பாடம் சொல்லுது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த 'மலையாளி' மக்கள்?

பெயரைப் பார்த்துட்டு கேரளத்துக்காரர்கள்னு நினைக்க வேண்டாம். இங்கே மலையாளி என்றால் மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்று பொருள். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து கிளம்பி வந்த அண்ணன் தம்பிகளில் ஒருவர் சேர்வராயன் மலையிலும், மற்றவர்கள் கொல்லிமலை, பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்பது இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கள்தொகையில் இது சுமார் 1.1 சதவீதம். இதில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் மலையாளி மக்கள்தான். ஏற்காடு தவிர கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி, ஜவ்வாது மலை, ஏலகிரி என்று பல மலைகளில் இருக்கிறார்கள்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் ஏற்காட்டில் காபி பயிர் வந்தது. அதன்பின் மலையில் எஸ்டேட்டுகள் பெருகின. ஒரு பக்கம் எஸ்டேட், இன்னொரு பக்கம் அரசு காப்புக்காடு. நடுவில் தலைமுறைகளாகப் பயிர் செய்த நிலத்துக்குக் கையில் காகிதம் இல்லாத குடும்பங்கள். மலைப்பகுதிகளின் உரிமைச் சிக்கல்கள் பலவற்றுக்கு இதுதான் தொடக்கம்.

மாவட்டம் மாறினால் உரிமையும் மாறுமா?

மாறும். யார் பழங்குடியினர் என்பதை அரசியலமைப்பின் 342-வது பிரிவின்கீழ் வெளியிடப்படும் பட்டியல்தான் தீர்மானிக்கிறது. அதில் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும்.

மலையாளி சமூகம் இந்தப் பட்டியலில் மாவட்டக் கட்டுப்பாட்டோடு இருக்கிறது. சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய பழைய மாவட்டங்களில் வாழ்பவர்களுக்குத்தான் பழங்குடி தகுதி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் வாழும் அதே மக்களுக்கு அது கிடையாது. ஏற்காட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் சான்றிதழ் பர்கூர் மலைப் பிள்ளைக்குக் கிடைக்காது. தங்களையும் பட்டியலில் சேர்க்கணும்னு ஈரோடு மலை மக்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்கணும். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகப் பாதுகாப்பு தரும் ஐந்தாவது அட்டவணையில் தமிழகத்தின் எந்தப் பகுதியும் இல்லை. அதனால் அந்தப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு கூடுதல் அதிகாரம் கொடுக்கும் 1996-ம் ஆண்டு சட்டமும் இங்கே பொருந்தாது. நம் மலை மக்களுக்கு முக்கிய ஆயுதங்களாக இருப்பவை இரண்டு சட்டங்கள்: 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2006 வன உரிமைச் சட்டம்.

சட்டம் இருந்தால் போதுமா? இந்தக் கேள்விக்கு வாச்சாத்தியைவிட தெளிவான பதில் இல்லை.

வாச்சாத்தியில் என்ன நடந்தது?

சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம். அங்கேயும் மலையாளி பழங்குடி மக்கள்தான்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை பதுக்கல்னு சொல்லி வனத்துறையினர் 155 பேர், போலீஸார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் என மொத்தம் 269 பேர் ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. மக்கள் அடித்து உதைக்கப்பட்டார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள் உள்பட நூற்றுக்கும் அதிகமானோர் கைது செய்யப்பட்டு சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது 1990 ஜனவரி 30. அதாவது, இந்தக் கொடுமை நடப்பதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. ஆனால் புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குத்தானே போகணும்? குற்றம் செய்தவர்களில் போலீஸாரும் இருக்கும்போது அந்த மக்கள் யாரிடம் போவார்கள்?

சங்கம் என்ன செய்தது?

இங்கேதான் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் வருகிறது. அப்போது சங்கத்தின் நிர்வாகியாக இருந்த பெ.சண்முகம் உள்ளிட்டோர் 1992 ஜூலையில் வாச்சாத்திக்குப் போனார்கள். நடந்தது வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது. அதன்பின் வழக்கு நகர்ந்த பாதை இது:

• முதலில் நேரில் கேட்டு எழுதி வாங்கியது. மைதிலி சிவராமன் போன்ற மாதர் சங்கத் தலைவர்களும் வாச்சாத்திப் பெண்களோடு நின்றார்கள். நடந்ததைப் பெண்கள் வாய் திறந்து சொல்ல இது பெரிய துணையாக இருந்தது.

• அடுத்து நீதிமன்றம். மார்க்சிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் ஏ.நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். விவகாரம் அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது.

• மூன்றாவது, ஆணையம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அரசு மறுத்துவந்த விஷயத்தை அரசமைப்பின் ஓர் அமைப்பே பதிவு செய்தது. வழக்கின் திருப்புமுனை அது.

• 1995-ல் சிபிஐ விசாரணைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

• 2011 செப்டம்பர் 29-ல் தருமபுரி அமர்வு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதமுள்ள 215 பேருமே குற்றவாளிகள் என நீதிமன்றம் அறிவித்தது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது.

• 2023 செப்டம்பர் 29-ல் குற்றவாளிகளின் மேல்முறையீடுகளை சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிபதி பி.வேல்முருகன் வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதிய தீர்ப்பு அது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா ரூ.10 லட்சம் இழப்பீடு, அதில் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கணும், அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மீது நடவடிக்கை எடுக்கணும் என்றும் உத்தரவிட்டார்.

சம்பவத்திலிருந்து இந்தத் தீர்ப்பு வரை 31 ஆண்டுகள். இவ்வளவு காலம் ஒரு தனி மனுஷியோ ஒரு குடும்பமோ வக்கீல் ஃபீஸ், பஸ் செலவு, கூலி இழப்பு, மிரட்டல் எல்லாத்தையும் தாங்கி கோர்ட்டுக்கு அலைய முடியுமா? முடியாது. சட்டம் எழுதியிருந்ததை கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தது, கலையாமல் நின்ற ஒரு கூட்டம்தான். சங்கம் என்பதன் உண்மையான வேலை இது.

சங்கம்னாலே கட்சி அரசியல்தானே?

நியாயமான கேள்விதான். வாச்சாத்தியில் முன்நின்ற சங்கமும், மாதர் சங்கமும் இடதுசாரி இயக்கத்தோடு தொடர்புடையவை. அதை யாரும் மறைத்ததில்லை. ஆனால் வழக்கை ஜெயிக்க வைத்தது கட்சிக் கொடி அல்ல. சாட்சிகளும், ஆணைய அறிக்கையும், சிபிஐ விசாரணையும்தான்.

கட்சிச் சார்பில்லாத அமைப்புகளும் இருக்கின்றன. பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னெடுத்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் விழுப்புரம் வட்டாரத்தில் இருளர்களின் சாதிச் சான்றிதழ், பொய் வழக்கு, கொத்தடிமை மீட்பு என்று பல ஆண்டுகளாக இயங்குகிறது. ஒரு சங்கத்தை எடைபோட அதன் நிறத்தைவிட மூன்று கேள்விகள் உதவும். கணக்கைக் காட்டுறாங்களா? பெண்கள் பொறுப்பில் இருக்காங்களா? தேர்தல் முடிந்த பிறகும் ஊருக்கு வர்றாங்களா?

மற்ற மக்களுக்கு எதிரானதா?

இல்லை. மலையில் பழங்குடியினர் மட்டும் வாழவில்லை. எஸ்டேட் வேலைக்காகச் சமவெளியிலிருந்து வந்து தலைமுறைகளாகத் தங்கிவிட்ட தொழிலாளர் குடும்பங்களும் இருக்கின்றன. வன உரிமைச் சட்டத்தின் பெயரிலேயே 'இதர பாரம்பரிய வனவாசிகள்' உண்டு. பழங்குடி அல்லாதவர்களும் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக அந்த வனத்தில் வாழ்ந்து அதைச் சார்ந்தே பிழைப்பதை நிரூபித்தால் உரிமை கோரலாம். அவர்கள் கோரிக்கையையும் அதே கிராம சபைதான் விசாரிக்கும். இரு தரப்பும் ஒரே பாயில் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் அது.

வன உரிமைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

தமிழகத்தில் இந்தச் சட்டம் தாமதமாகத்தான் நடைமுறைக்கு வந்தது. 2008-ல் உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாட்டால் உரிமைப் பட்டா வழங்குவது முடங்கியது. 2016-ல் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை விலகியது. இப்போது நடைமுறை இதுதான்:

1. கிராம சபை கூடி 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கணும். மூன்றில் ஒரு பங்கு பெண்கள் கட்டாயம்.

2. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் அனுபவத்தில் இருந்திருக்கணும். அதிகபட்சம் 4 ஹெக்டேர், அதாவது சுமார் 10 ஏக்கர் வரை உரிமை கிடைக்கும்.

3. ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரம் தேவை. பழைய ரசீது, ரேஷன் கார்டு மட்டும்தான் ஆதாரம்னு இல்லை. ஊர்ப் பெரியவர்களின் எழுத்துப்பூர்வ வாக்குமூலம், கிணறு, வரப்பு, மூதாதையர் சமாதி, சாமி இருக்கும் இடம் எல்லாமே ஆதாரம்தான்.

4. குழு நேரில் பார்க்கும். கிராம சபை தீர்மானம் போடும். பிறகு கோட்ட அளவிலான குழு, கடைசியாக கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு முடிவு செய்யும்.

5. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கணும். 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமைப் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது. முக்கியமாக, விண்ணப்பத்தின் மீதான சரிபார்ப்பு முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது சட்டத்தின் 4(5) பிரிவு. வனத்துறையிலிருந்து 'காலி பண்ணுங்க'ன்னு வந்தால் முதலில் காட்ட வேண்டிய பிரிவு இது.

தனிநபர் நிலம் மட்டுமல்ல. கடுக்காய், தேன் போன்ற சிறு வனப்பொருட்கள் சேகரிக்கும் உரிமையும், பள்ளி, சாலை, குடிநீர் போன்ற ஊர்த் தேவைகளுக்காக கிராம சபை பரிந்துரையோடு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலம் கேட்கும் வழியும் இதே சட்டத்தில் இருக்கு. 'வனத்துறை நிலம், ரோடு போட முடியாது' என்ற பதிலோடு நின்றுபோன மலைக் கிராமங்கள் பயன்படுத்த வேண்டிய வழி இது.

சாதிச் சான்றிதழ் யாரிடம் வாங்கணும்?

தமிழகத்தில் பழங்குடியினர் சான்றிதழைத் தருவது தாசில்தார் அல்ல, வருவாய் கோட்டாட்சியர் அல்லது சப்-கலெக்டர். பெற்றோரிடமோ ரத்த உறவினரிடமோ ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலை இணைப்பது வேலையை எளிதாக்கும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு ஓடினால் கல்லூரி சேர்க்கை தவறிப்போகும் ஆபத்து இருக்கு. அதனால் பள்ளியில் படிக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது.

பிரச்சனை வந்தால் யாரிடம் போவது?

• வன்கொடுமை புகார்: 14566 என்ற தேசிய உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். இந்தச் சட்டத்தின்கீழ் எஃப்ஐஆர் பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

• இலவச சட்ட உதவி: 15100. பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் கிடைப்பார்.

• ஆணையம்: 338A பிரிவின்கீழ் இயங்கும் தேசிய பழங்குடியினர் ஆணையத்துக்கும், 2021 சட்டப்படி அமைந்த தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையத்துக்கும் மனு அனுப்பலாம்.

எங்கே மனு கொடுத்தாலும் தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தவரை தனியாகப் போக வேண்டாம், ஊரிலிருந்து நாலு பேராகப் போங்கள். வாச்சாத்தி மக்கள் 31 வருஷம் செய்ததும் இதைத்தான்: சொன்னதை எழுத்தில் வைத்தார்கள், சேர்ந்தே போனார்கள்.