பிரதியும் உடைமையும்: கண்டி மலைநாட்டை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

எழுத்தொன்றைப் பிரதிசெய்தல் குற்றமா, கடமையா என்னும் வினாவுக்கு எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் விடை கிடையாது. இலத்திரனியல் ஆவணங்களைப் பிரதிசெய்வோரிடமிருந்தும் அனுமதியின்றிப் பகிர்வோரிடமிருந்தும் காத்தல் பற்றி இன்று பெரிதும் பேசப்படுகின்றது. இதனைத் தொழினுட்பவியலாளர் தீர்த்துவைக்க வேண்டிய பிரச்சினையாக மட்டும் கொள்வோர் உளர். ஆயின், எழுத்துக்கு வேலியிடும் முறைகள் யாவும் அவ்வக்காலச் சமுதாயத்தின் உற்பத்தி உறவுகளோடு பிணைந்தே தோன்றியுள்ளன. கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் களமாகக் கொண்டு இவ்வுண்மையைச் சுருக்கமாக நோக்குவோம்.

மாத்தளை நகருக்கு அண்மையிலுள்ள அளுவிகாரையிலேயே, அதுகாறும் வாய்மொழியாக வழங்கிவந்த பௌத்த திரிபிடகம் கி. மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. ஓலை நிலையான பொருளன்று. செல்லும் ஈரமும் அதனை அரிப்பன. ஓரேடு சிதையுமுன் மற்றோரேடு எழுதப்படாவிடின் நூல் மறைந்துவிடும். எனவே நிலமானியச் சமுதாயத்தில் ஏடு பெயர்த்தெழுதுதல் புண்ணியச் செயலாகக் கருதப்பட்டது. தமிழ் ஏடுகளுக்கும் இது பொருந்தும்.

எனினும் அக்காலத்தில் வேலியே இருக்கவில்லை எனக் கொள்வது தவறாகும். வைத்தியம், சோதிடம், மந்திரம் ஆகியவை குலத்துக்குள்ளும் குருசீட மரபுக்குள்ளும் அடக்கிவைக்கப்பட்டன. சித்த வைத்திய நூல்களின் பரிபாஷை, ஏடு பிறர் கைக்குச் சென்றாலும் பொருள் அவருக்குப் புலப்படாதிருக்கச் செய்த உபாயமாகும். தம்மிடம் 'ஆசிரியரின் மூடிய கை' இல்லையெனப் புத்தர் உரைத்ததாக மகாபரிநிப்பான சுத்தம் கூறுவதிலிருந்து, அத்தகைய மூடிய கைகள் அன்று பலவாக இருந்தன என்பதை நாம் உய்த்துணரலாம். அறிவைப் பிறப்பும் தீட்சையும் காவல்செய்த காலம் அது. அதன் வேலி மறைப்பு எனலாம்.

அச்சு இந்நிலையை அடியோடு மாற்றியது. ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான பிரதிகளை ஆக்கவல்ல பொறி, நூலைப் பண்டமாக்கிற்று. இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த முதலாவது பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியரின் பெயரால் இயற்றப்பட்டதாயினும், அதனை வேண்டிநின்றோர் இலண்டன் நூல் வணிகரே. கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்தபின், கோப்பி மூலதனத்தைத் தொடர்ந்து அச்சுப் பண்பாடும் மலைநாட்டுக்கு வந்தது. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் பத்திரிகையைத் தொடக்கியதும், 1885இல் 'அசன்பேயுடைய கதை' என்னும் நாவலை வெளியிட்டதும் அப்புதிய சூழலின் விளைவுகளாம். 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டமே குடியேற்ற ஆட்சி நீங்கிய பின்னரும் 1979 வரை இங்கு ஆதாரமாக விளங்கியது. இக்கட்டத்தின் வேலி சட்டம்.

இச்சட்டம் எவரை ஆசிரியராகக் கண்டது? பெயருடைய தனிமனிதரையே கண்டது. 1869இல் வெளியான ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' கோப்பிச் செய்கையைப் பாடுவது. அதற்குப் பெயருண்டு, ஆசிரியருண்டு. அதே மலைகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் பறித்தோர் பாடிய பாடல்களுக்கு இவை எவையும் இல்லை. ஒருத்தி தொடங்க மற்றொருத்தி முடித்த பாட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் மாறி வழங்கியது. பிரதி செய்யப்படுவதே அதன் உயிராக இருந்தது. கேட்டவர் பாடாதிருந்தால் அது மாண்டிருக்கும்.

தொழிற்சங்கவாதியும் 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவருமான சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்தமை பெருந்தொண்டு. ஆனால் சட்டத்தின் கண்ணில், இத்தகைய தொகுப்புகளில் உரிமை பெறுபவர் தொகுப்பாளரும் பதிப்பாளருமே ஆவர். பாடியவர் வெறும் மூலப்பொருளாகின்றார். இது தொகுத்தவரின் குறையன்று, தனியுடைமைச் சட்டத்தின் இயல்பாகும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு அளித்தது உண்மையே. எனினும் அனுமதி வழங்கும் உரிமையை அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடத்திடமே அது ஒப்படைத்தது. பாடியோரின் இடத்தில் அரசு அமர்ந்துகொண்டது.

மலையகத் தொழிலாளருக்கும் ஆவணத்துக்குமிடையிலான உறவு பாட்டோடு முடிவதன்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றில் சேர விரும்பும் குழுவின் கடனைக் குறித்து, அதைச் செலுத்தினால் விடுவிப்பதாகத் துரை எழுதித் தந்த சீட்டே 'துண்டு'. 1921இல் அது ஒழிக்கப்படும்வரை, தொழிலாளரின் நடமாட்டம் அவர்களால் வாசிக்கவியலாத ஒரு தாளில் அடங்கிக் கிடந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் அல்லது தந்தைவழி முன்னோரின் பிறப்பை நிறுவுமாறு கேட்டது. அடுத்த ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தொடர்ச்சியான வதிவுக்குச் சான்று கேட்டது. உழைத்தவரின் வாழ்க்கை முழுவதும் பிறருடைய பதிவேடுகளில் இருந்தது. அவர் கையில் பிரதி இல்லை. அதனால் பல இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கிய சட்டம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமாகும். அதற்கு அடுத்த இலக்கமே புலமைச் சொத்துச் சட்டம். ஒரே பாராளுமன்றம் அடுத்தடுத்து இயற்றிய இவ்விரு சட்டங்களும், ஆவணமின்மையால் நேர்ந்த இழப்பையும் ஆவணத்தின் மீதான உடைமையையும் அருகருகே நிறுத்தியுள்ளன.

இனி இன்றைய கட்டத்துக்கு வருவோம். கணினி, பிரதிசெய்யும் செலவை ஏறத்தாழ இல்லாதாக்கிவிட்டது. பண்டத்தின் விலைக்கு அடிப்படையான அருமையைச் செயற்கையாகவேனும் மீட்டெடுப்பது மூலதனத்தின் தேவையாயிற்று. கோப்பு மறைகுறியாக்கப்படுகின்றது; அச்சிடும் வசதி முடக்கப்படுகின்றது; நிறுவனத்தின் வழங்கிக் கணினி இசைந்தாலன்றி நூல் திறவாது. 1996ஆம் ஆண்டின் உலகப் புலமைச் சொத்து அமைப்பின் பதிப்புரிமை உடன்படிக்கை இத்தகைய பூட்டுகளுக்குச் சட்டக் காவல் கேட்டது. எமது 2003ஆம் ஆண்டுச் சட்டமும் பூட்டை மீறுவதற்கெனச் செய்யப்படும் சாதனங்களைத் தடைசெய்தது. பரிபாஷையின் மறைப்பும் சந்தையின் சட்டமும் இங்கு ஒன்றுசேர்கின்றன. சட்டத்துக்கேனும் எல்லையுண்டு: ஆசிரியர் இறந்து எழுபது ஆண்டு கழிந்ததும் உரிமை முடியும், ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் நியாயமான பயன்பாடு அனுமதிக்கப்படும். பூட்டுக்கு இவ்வெல்லைகள் தெரியா. 2009இல் அமேசன் நிறுவனம், தான் விற்ற ஜோர்ஜ் ஓர்வெல்லின் நூல்களை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அகற்றியது. விற்றவருக்கு அந்நூல்களை விற்கும் உரிமை இருக்கவில்லை என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். காரணம் எதுவாயினும், வாங்கியவர் நூலுக்கு உடையவரல்லர் என்பது அன்று வெளிப்பட்டது.

பிரதி இல்லாமையின் விலையை ஈழத்தமிழர் நன்கறிவர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் மீளப்பெறவியலாத ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதியுள்ள நூல் எரிந்தும் பிழைத்தது. ஒற்றைப் பிரதி ஒரேயடியாக மறைந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் இணைய நூலகம் இப்பாடத்தின் பயனே. மலைநாட்டில் சில நூறு பிரதிகளே அச்சான சிற்றிதழ்களுக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கும் இத்தகைய முயற்சியே புகலிடம்.

அவ்வாறாயின் பாதுகாப்பு வேண்டாமென்பதா எமது முடிவு? அன்று. எமது நாட்டில் எழுத்தாளரே பெரும்பாலும் தம் கைப்பணத்தில் நூலை அச்சிடுகின்றார். அவரது புதிய நூலின் கோப்பை மறுவாரமே பலருக்கும் அனுப்புவது பொதுவுடைமையன்று, உழைப்பைப் பறித்தலேயாம். பாரதியின் ஆக்கங்கள் இதற்கொரு வழிகாட்டுகின்றன. தனியார் கைகளுக்குச் சென்றிருந்த அவற்றின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949இல் பெற்று, 1955இல் பொதுமக்களுக்கு உரியதாக்கியது. உரியோருக்கு ஈடு செலுத்தி எழுத்தை விடுவித்தல் இயலாததன்று. மேலும், பண்டத்தைக் காத்தல் வேறு, மனிதரைக் காத்தல் வேறு. தோட்டக் குடும்பங்களின் பிறப்புப் பதிவுகளும் பிரசாவுரிமைக் கோவைகளும் இலத்திரனியல் வடிவம் பெறும்போது அவற்றுக்கு உறுதியான பூட்டு அவசியம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கும் இதுவே. ஆனால் அப்பூட்டின் திறவுகோல்களுள் ஒன்று அக்குடும்பங்களின் கையிலும் இருத்தல் வேண்டும். இல்லையேல் 'துண்டு' புதுவடிவில் மீளும்.

பல்கலைக்கழகத்தாராகிய எமக்கும் இதில் நேரடிப் பொறுப்புண்டு. லயங்களில் சேகரித்த பாட்டும் வழக்காறும் கட்டணம் செலுத்தினாலன்றித் திறவாத அயல்நாட்டு ஆய்விதழ்களில் அடைபடுகின்றன. அப்பாட்டைத் தந்தவளின் பேரனுக்குக் கற்பிக்கும் தோட்டப் பாடசாலை ஆசிரியர் அதனை வாசிக்க இயலாது. பாடியவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் அவரது சம்மதத்தோடு பதிவுசெய்யப்படல் வேண்டும். பூட்டில்லாப் பிரதியொன்று பல்கலைக்கழக நூலகத்திலும், மற்றொன்று அம்மக்களின் பாடசாலையிலும் வைக்கப்படல் வேண்டும். மக்களிடமிருந்து பெற்றதை மக்களுக்கு எட்டாதவாறு பூட்டிவைக்கும் புலமைக்கு, அதனைப் பாதுகாப்பு என அழைக்கும் உரிமை இல்லை.