கேட்டுப் பெற்ற பெயர்: சாமுவேலும் சவுலும்

சாமுவேலின் முதல் நூல் 1:20இல் அன்னாள் தன் மகனுக்குப் பெயரிட்டு, அதற்குக் காரணமும் சொல்கிறாள்: ஆண்டவரிடம் கேட்டுப் பெற்ற பிள்ளை அவன். தமிழில் படிப்பவருக்கு இங்கே எந்த இடறலும் தோன்றுவதில்லை. 'கேள்' என்னும் நம் வினை வேண்டுதலையும் செவிமடுத்தலையும் ஒருங்கே சுமப்பது. தாய் கேட்டாள், இறைவன் கேட்டான். இரண்டும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எபிரேயத்தில் இவை தொடர்பற்ற இரு வேர்கள். வினவுதலும் வேண்டுதலும் 'ஷாஅல்', செவியுறுதல் 'ஷாமா'. அன்னாள் சொல்வது முதல் வேர். 'சாமுவேல்' என்றால் 'இறைவன் கேட்டருளினார்' என்று பெயர் அகராதிகளும் மறையுரைகளும் தரும் விளக்கத்துக்கு இரண்டாம் வேர் வேண்டும். பெயரோ இரண்டிலிருந்தும் பிறக்கவில்லை.

இரண்டாம் விளக்கத்தை எளிதில் விலக்கலாம். 'ஷாமா'வின் இறுதி மெய் அயின். தொடக்கநூல் 16:11இல் விளக்கம் பெறும் இஸ்மவேலின் பெயரில் அந்த அயின் அப்படியே நிற்கிறது. 'ஷெமூஏல்' என்ற எழுத்துக்கோவையில் அது இல்லை. அங்கிருப்பவை ஷின், மேம், வாவ், அலெஃப், லாமெத். 'ஷேம்' (பெயர்), 'ஏல்' (இறைவன்) என்ற இரு சொற்கள் 'ஊ' என்னும் உயிரால் இணைந்த தொடர் என்று கொள்வதே பொருத்தம். யாக்கோபு இரவெல்லாம் போராடிய இடத்தின் பெயரான பெனூவேல், 'இறைவனின் முகம்', இதே அமைப்புடையது. ஆகவே சாமுவேல் 'இறைவனின் பெயர்' ஆகலாம். இணைப்புயிரை உடைமை விகுதியாகக் கொண்டால் 'அவர் பெயர் ஏல்' ஆகலாம். இவற்றுள் முன்னதையே நான் ஏற்கிறேன்.

அன்னாளின் விளக்கத்துக்கு ஏற்ற பெயர் எபிரேயத்தில் இல்லாமல் இல்லை. செருபாபேலின் தந்தை செயல்த்தியேலின் பெயர் ஏறத்தாழ அவள் வாக்கியமேதான்: 'இறைவனிடம் கேட்டேன்'. அதைவிட அருகில், அதே நூலில், இன்னொரு பெயர் காத்திருக்கிறது: ஷாஊல், 'கேட்கப்பட்டவன்', அதாவது அரசன் சவுல். முதல் அதிகாரத்தில் மட்டும் 'ஷாஅல்' வேர் ஏழு முறை வருகிறது. ஏழாவது முறை, 1:28இல், பிள்ளை ஆண்டவருக்கு ஒப்படைக்கப்பட்டவன் என்று சொல்லுமிடத்தில், அச்சொல் அரசனின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்து 'ஷாஊல்' என்றே நிற்கிறது. மொழிபெயர்ப்பு எதுவும் இதைக் காப்பாற்ற முடியாது.

இதைக் கண்ட இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர் பலர், இது முதலில் சவுலின் பிறப்புக் கதையாக இருந்து பின்னர் சாமுவேலுக்கு மாற்றப்பட்டது என்றனர். தலையில் சவரகன் கத்தி படாது என்ற நேர்ச்சை சிம்சோனை நினைவூட்டுகிறது. கும்ரானின் நான்காம் குகையில் 1952இல் கிடைத்த சாமுவேல் ஏடு ஒன்று பிள்ளையை 'நசரேயன்' என்றே அழைக்கிறது. இத்தகைய பிறப்பு, போர் செய்து மக்களை மீட்பவனுக்கே உரியது என்பது அவர்கள் வாதம். சாமுவேல் வளர்ந்த சீலோ ஆலயத்தின் குரு ஏலியின் வழிவந்த குரு அகியா அரசன் சவுலுடன் இருந்ததையும் (14:3) சேர்த்துக்கொள்கின்றனர்.

எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. அன்னாளின் கணவன் எல்க்கானா, அவனுடைய மற்றொரு மனைவி பெனின்னாள், ஏலி, சீலோ ஆலயம் ஆகியவற்றை அகற்றினால் அந்தக் கதையில் கதையே மிஞ்சாது. பென்யமீன் குலத்துக் கீசின் மகனாகிய சவுல் சீலோவில் வளர்ந்ததற்கு எங்கும் சுவடு இல்லை. அகியா அரசனின் படையுடன் இருந்தது அந்த இடைவெளியை நிரப்பாது. இதைவிட முக்கியமானது, விவிலியத்தின் பெயர் விளக்கங்கள் வேர்ச்சொல் ஆராய்ச்சியாக எழுதப்பட்டவை அல்ல என்பது. 'ஓய்வு' என்னும் வேரையொட்டிய நோவாவின் பெயரைத் தொடக்கநூல் 5:29 'ஆறுதல்' என்னும் வேரால் விளக்குகிறது. ஒலி உறவே அங்குப் போதுமானது. அந்த அளவில் அன்னாளின் சொல்லும் தடம் மாறவில்லை: ஷின், அலெஃப், லாமெத் மூன்றும் 'ஷெமூஏல்' என்ற பெயரில் அதே வரிசையில் உள்ளன. இடைக்கால யூத உரைமரபு இப்பெயரை 'ஷாஊல் மெஏல்', 'இறைவனிடம் கேட்கப்பட்டவன்' என்பதன் சுருக்கமாகக் கண்டது. மொழியியல் இதை ஏற்காது. ஆனால் நூலாசிரியரின் செவி எதைக் கேட்டதோ அதையே அந்த உரையாசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் சவுலின் பெயர் இங்கே ஒலிப்பது ஏன்? விடை அதே நூலில் பின்னால் இருக்கிறது. 8:10இல் அரசன் வேண்டும் என்று வரும் மக்கள் 'கேட்பவர்கள்' எனப்படுகின்றனர். வினை அதே 'ஷாஅல்'. பன்னிரண்டாம் அதிகாரத்தில், கேட்டதே குற்றம் என்று சாமுவேல் அவர்களிடம் சொல்லும்போதும் அதே வினை திரும்பத் திரும்ப வருகிறது. மலடி ஒருத்தி ஆண்டவரிடம் கேட்டுப் பெற்று ஆண்டவருக்கே கொடுத்தவன் ஒருவன். மக்கள் தமக்கென்று கேட்டுப் பெற்றவன் இன்னொருவன். அரசனின் பெயர்ப் பொருளை அவன் வருமுன்பே தீர்க்கதரிசியின் தொட்டிலில் வைத்துவிடுகிறார் ஆசிரியர். இதை எழுத்தர் குழப்பம் என்பது, அவருடைய மிக நுட்பமான கைவேலையைப் பிழையாகக் கணக்கிடுவதாகும்.

கடைசிக் கண்ணி 28ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெலிஸ்தரின் படையைக் கண்டு நடுங்கிய சவுல் ஆண்டவரிடம் கேட்கிறான். 'வயிஷ்அல் ஷாஊல்' என்று வினையும் பெயரும் அடுத்தடுத்து நிற்க, பதில் வரவில்லை. எந்தோரில் ஒரு பெண்ணைக்கொண்டு, இறந்துபோன சாமுவேலை எழுப்புகிறான். பாதாளத்துக்கு எபிரேயத்தில் 'ஷெஓல்' என்று பெயர். உயிர்க்குறிகள் இல்லாத ஏட்டில் அதுவும் 'ஷாஊல்' என்பதும் ஒரே எழுத்துகள். பாதாளத்தில் இறக்குபவரும் ஏற்றுபவரும் ஆண்டவரே என்று அன்னாள் தன் பாடலில் (2:6) அச்சொல்லால் முன்பே பாடியிருந்தாள். ஏறிவந்த சாமுவேல், கேட்கப்பட்டவன் என்று பெயர் கொண்டவனிடம், தன்னிடம் ஏன் கேட்கிறாய் என்று வினவுகிறார் (28:16). அங்கே வரும் வினையும் 'ஷாஅல்'தான்.