குட்டைக் கால் விமானம்

போயிங் 737 முதன்முதலில் பறந்தது 1967-இல். சிறிய ஊர் நிலையங்களில் ஆட்கள் தரையில் நின்றே பெட்டிகளை ஏற்ற வசதியாக அதன் கால்களைக் குட்டையாக வைத்தார்கள். அப்போது எஞ்சின் ஒல்லி. இறக்கைக்கு அடியில் ஒட்டிக்கொண்டது. நம் இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கிய 200 ரகமும் அப்படித்தான்.

1984-இல் பறந்த 300 ரகத்தில் எஞ்சின் பருத்தது. தரையில் இடிக்காதிருக்க உறையின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கினார்கள். மேக்ஸ் ரகத்தில் எஞ்சின் இன்னும் பெரிது. அதை முன்னே தள்ளி, உயர்த்தி மாட்டினார்கள். அதனால் சில வேளைகளில் மூக்கு மேலெழும் போக்கு கூடியது. அதை அடக்க ஒரு மென்பொருளைச் சேர்த்தார்கள். ஒரே ஓர் உணர்கருவி தவறாகக் காட்டியதும் அது மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே அழுத்தியது. 2018-இல் இந்தோனேசியாவிலும் 2019-இல் எத்தியோப்பியாவிலும் மொத்தம் 346 உயிர்கள் போயின.

பழைய 737 ஓட்டியவருக்குப் பெரிய பயிற்சி தேவையில்லை என்று சொல்லித்தான் மேக்ஸை விற்றார்கள். முதல் விபத்து வரை, அந்த மென்பொருள் இருப்பதே விமானிகளின் கையேட்டில் விளக்கப்படவில்லை.