ஹைடல்பெர்க்: ஓர் இடிபாட்டின் சுற்றுலா வரலாறு

தென்மேற்கு ஜெர்மனியில் நெக்கார் ஆறு மலைகளைவிட்டு ரைன் சமவெளிக்குள் இறங்கும் இடத்தில் ஹைடல்பெர்க் நகரம் இருக்கிறது. ஆற்றுக்கும் மலைக்கும் நடுவே ஒடுங்கி நீளும் பழைய நகரம், அதற்குச் சுமார் 80 மீட்டர் மேலே மலைச்சரிவில் செம்மணற்கல் கோட்டை, கீழே கல்பாலம், எதிர்க்கரை மலையில் ‘தத்துவவாதிகளின் பாதை’. ஓரிரு நாளில் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த நான்கையும்தான் சுற்றுகிறார்கள். இந்தப் பட்டியல் ஊரளவு பழமையானதல்ல. 19ஆம் நூற்றாண்டில்தான் அது உருவானது. அதற்குச் சற்று முன்புவரை, இன்று ஊருக்கே முகமாக நிற்கும் கோட்டையிலிருந்து உள்ளூர்க்காரர்கள் வீடு கட்டக் கல் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊரின் பெயர் ஆவணங்களில் முதன்முதலாக 1196இல் வருகிறது. பின்னர் அது பாலட்டினேட் நாட்டின் தலைநகரானது. அந்நாட்டை ஆண்டவர்கள் எலெக்டர்கள், அதாவது புனித ரோமப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றிருந்த சிற்றரசர்கள். முதலாம் ரூப்ரெஹ்ட் 1386இல் இங்கே பல்கலைக்கழகத்தை நிறுவினார். அப்போது ரோமில் ஒருவர், அவிஞோனில் ஒருவர் என இரண்டு போப்புகள் இருந்தனர். பாரிஸ் பல்கலைக்கழகம் அவிஞோன் பக்கம் சாய்ந்ததால் ரோமை ஆதரித்த ஜெர்மானியர்களுக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. அந்தச் சண்டையில் லாபம் ஹைடல்பெர்குக்கு. இன்றைய ஜெர்மனியின் எல்லைக்குள் மிகப் பழமையான பல்கலைக்கழகம் இதுவே. 1962இல் தொடங்கப்பட்ட இதன் தெற்காசிய ஆய்வு நிறுவனத்தில் தமிழும் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது.

கோட்டை என்று சொன்னாலும் அது ஒரே கட்டடமல்ல. ஆட்சிக்கு வந்தவர்கள் தத்தம் பெயரில் ஒரு மாளிகையைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஓட்டோ ஹைன்ரிஹ் 1556இல் தொடங்கிய மாளிகை, ஜெர்மனியில் மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலையின் முதல்தர எடுத்துக்காட்டுகளில் ஒன்று. நான்காம் ஃபிரீட்ரிஹ் 1601 முதல் 1607 வரை தன் மாளிகையைக் கட்டி, முகப்பில் முன்னோர்களின் சிலைகளை வரிசையாக நிறுத்தினார். அவர் மகன் ஐந்தாம் ஃபிரீட்ரிஹ் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தை மணந்து, மலைச்சரிவைத் தட்டுத்தட்டாக வெட்டிப் பெரிய தோட்டம் அமைக்கத் தொடங்கினார். தோட்டம் முடியவில்லை. 1619இல் பொஹீமிய மணிமுடியை ஏற்றவர் அடுத்த ஆண்டே போரில் தோற்று நாட்டையும் இழந்தார். 1622இல் கத்தோலிக்கப் படை ஹைடல்பெர்கைப் பிடித்தது. தூய ஆவி தேவாலயத்தின் மாடங்களில் இருந்த புகழ்பெற்ற பாலட்டினேட் நூலகம் 1623இல் போப்புக்குப் பரிசாக ரோம் சென்றது. அதில் ஜெர்மன் மொழிச் சுவடிகள் 1816இல் திரும்பி வந்தன.

கோட்டையை இடித்தது வேறொரு போர், அதற்கு வழிவகுத்தது ஒரு திருமணம். எலெக்டரின் மகள் லீஸலோட்டெ 1671இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தம்பிக்கு மனைவியானார். அவருடைய அண்ணன் 1685இல் வாரிசின்றி இறந்ததும், தம்பி மனைவியின் பெயரால் லூயி பாலட்டினேட்டில் பங்கு கேட்டார். அந்தப் பெண் அப்படி ஒரு பங்கைக் கேட்கவே இல்லை. பிறந்த ஊர் எரிவதைக் கேள்விப்பட்டு அழுதவர் அவர். 1689இல் பிரெஞ்சுப் படை கோட்டையின் சில பகுதிகளை வெடிவைத்துத் தகர்த்தது. 1693இல் திரும்பிவந்து ஊரையே எரித்ததோடு, மிச்சமிருந்த கோபுரங்களுக்கும் வெடி வைத்தது. அப்போது பிளந்து சரிந்த வெடிமருந்துக் கோபுரத்தின் சுவர்த் துண்டு இன்றும் பள்ளத்தில் அப்படியே கிடக்கிறது. சுவரின் கனம் ஆறு மீட்டருக்கும் மேல். ஊருக்குள் 1592இல் ஒரு துணி வணிகர் கட்டிய ‘ரிட்டர்’ மாளிகை தப்பியது. மற்ற வீடுகள் பழைய மனைகளில், பழைய தெருக்கோட்டின்மேல், 18ஆம் நூற்றாண்டின் பரோக் பாணியில் மீண்டும் எழுந்தன. இடைக்கால ஊர் என்று எண்ணி வருபவர் உண்மையில் பார்ப்பது இந்தப் பரோக் ஊரைத்தான்.

கோட்டைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. தூய ஆவி தேவாலயத்தைக் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் நடுவே சுவர் எழுப்பிப் பகிர்ந்துகொண்டிருந்தனர். முழுத் தேவாலயமும் கத்தோலிக்கருக்கே வேண்டும் என்றார் எலெக்டர் கார்ல் ஃபிலிப். ஊரார் மசியவில்லை. அவர் 1720இல் அரசவையை மன்ஹைமுக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். பின்வந்த கார்ல் தியோடர் கோட்டைக்குத் திரும்ப எண்ணியிருந்தபோது, 1764இல் இடி விழுந்து அது எரிந்தது. அதோடு அந்த எண்ணமும் போயிற்று. கூரையில்லாத சுவர்கள் கல் எடுக்கும் இடமாயின.

இந்த நிலையில்தான் பார்வை மாறியது. கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் இடிபாடு அழகாகத் தோன்றத் தொடங்கிய காலம் அது. ஆர்னிமும் பிரென்டானோவும் நாட்டுப்பாடல் தொகுப்பை இங்கிருந்து வெளியிட்டனர், கெத்தே பலமுறை வந்துபோனார், ஆங்கில ஓவியர் டர்னர் ஊரைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஆனால் கவிதையால் மட்டும் கல் திருட்டு நின்றுவிடாது. அதை நிறுத்தியவர் சார்ல் த கிரெம்பெர் என்ற பிரெஞ்சுப் பிரபு. புரட்சியால் நாட்டைவிட்டு வெளியேறியிருந்த அவர் 1810இல் இங்கு வந்தார். யாரும் அமர்த்தாமலே கோட்டைக்குக் காவலராகி, அதற்குள்ளேயே சிலகாலம் குடியிருந்து, கல் எடுக்க வந்தவர்களை விரட்டினார். கோட்டையை நுணுக்கமாக வரைந்து, அந்தப் படங்களை அச்சிட்டு வருகையாளர்களுக்கு விற்றார். 1864இல் அவர் இறந்தபின் அவர் சேகரித்த பொருள்கள் நகர அருங்காட்சியகத்துக்கு அடித்தளமாயின. பிரெஞ்சுக்காரர்கள் இடித்ததை ஒரு பிரெஞ்சுக்காரர் காப்பாற்றினார் என்று உள்ளூரில் சொல்லாத வழிகாட்டி அரிது. சொல்லட்டும், உண்மைதானே.

படங்கள் ஊரை வெளியே அறிமுகப்படுத்தின. ரயில் ஆட்களைக் கொண்டுவந்தது. 1840இல் மன்ஹைமிலிருந்து வந்த பாதை, பாடன் நாட்டின் முதல் ரயில் பாதை. லண்டனில் ஜான் மர்ரேயும் கோப்ளென்ஸில் கார்ல் பெடெக்கரும் வெளியிட்ட பயணக் கையேடுகளால், ரைன் பயணத்தில் ஹைடல்பெர்க் ஒரு கட்டாய நிறுத்தமானது. 1878 கோடையில் மார்க் ட்வெய்ன் குடும்பத்தோடு வந்து தங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த அவருடைய ஐரோப்பியப் பயண நூலில் இங்குள்ள மாணவர்களின் வாள்சண்டைகளுக்கு நிறைய இடம் உண்டு. ஒழுங்கு மீறிய மாணவர்களை அடைத்துவைத்த பல்கலைக்கழகச் சிறை 1914வரை இருந்தது. அதன் சுவர்களில் கைதிகள் வரைந்த முகங்களும் எழுதிய பெயர்களும் இப்போது காட்சிப்பொருள். கோட்டைக்கு ஏறும் மலை ரயில் 1890இல் ஓடத் தொடங்கியது.

கூட்டம் பெருகியதும் கோட்டையை முன்போல் முழுதாகக் கட்டிவிடலாமே என்ற குரலும் எழுந்தது. ஒவ்வொரு கல்லையும் அளந்து பதிவுசெய்த பின், 1891இல் கூடிய வல்லுநர் குழு, உள்ளதை உள்ளபடி காப்பது போதும் என்றது. ஆனாலும் கட்டடக்கலைஞர் கார்ல் ஷேஃபர் நூற்றாண்டு முடிவதற்குள் ஃபிரீட்ரிஹ் மாளிகையைப் புதுப்பித்தார். அடுத்து ஓட்டோ ஹைன்ரிஹ் மாளிகை என்றதும் கலை வரலாற்றாசிரியர் கியோர்க் டேஹியோ 1901இல் கடுமையாக எதிர்த்து எழுதினார். காக்கலாம், புனரமைக்கக் கூடாது என்பது அவர் வாதம். அதுவே வென்றது, பிற்கால மரபுச்சின்னப் பாதுகாப்பின் அடிப்படைகளில் ஒன்றாகவும் ஆயிற்று. கோட்டையின் உள்முற்றத்தில் நின்றால் இந்த வழக்கின் இரு தரப்பும் ஒருசேரத் தெரியும். ஒரு பக்கம் கூரையும் ஜன்னலும் திருத்தமான ஃபிரீட்ரிஹ் மாளிகை, இன்னொரு பக்கம் ஜன்னல் துளைகளில் வானம் தெரியும் ஓட்டோ ஹைன்ரிஹ் முகப்பு. கண்ணுக்கு இரண்டாவதே மேல். டேஹியோ சொன்னது சரி.

பெரும்பாலானோர் முற்றத்தில் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. நிலவறையில் இருக்கும் மாபெரும் மதுப் பீப்பாய்தான் அவர்களை இழுக்கிறது. வரியாக வந்த திராட்சை மதுவைச் சேர்த்துவைக்க 1751இல் செய்யப்பட்ட அதன் கொள்ளளவு சுமார் 2,20,000 லிட்டர். ஓட்டோ ஹைன்ரிஹ் மாளிகையின் கீழ்த்தளத்தில் உள்ள மருந்தியல் அருங்காட்சியகம் அதைவிடச் சுவையானது. அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில் ஊர் பெரும்பாலும் குண்டுவீச்சுக்குத் தப்பியது. கார்ல் தியோடர் காலத்தில், 1788இல் முடிந்த பழைய பாலத்தை 1945 மார்ச்சில் தகர்த்தது பின்வாங்கிய ஜெர்மன் படையே. 1947இல் அது மீண்டும் கட்டிமுடிக்கப்பட்டது.

ஒரே நாள் தங்குபவர்கள் காலையில் மலை ரயிலில் கோட்டைக்கு ஏறி, நடந்து இறங்கி, தேவாலயத்தையும் மாணவர் சிறையையும் பார்த்துவிட்டுப் பிற்பகலில் பாலத்தைக் கடந்து தத்துவவாதிகளின் பாதைக்கு ஏறுவது வசதி. மேற்கு வெயில் கோட்டையின்மேல் விழுவதை எதிர்க்கரையிலிருந்து பார்க்கலாம். 1689, 1693ஆம் ஆண்டுகளின் தீயை நினைவுகூர ஒவ்வொரு கோடையிலும் மூன்று இரவுகள் கோட்டையைச் செந்நிற ஒளியால் நிறைத்து வாணவேடிக்கை நடத்துகிறார்கள். அந்த நாள்களில் வர நினைப்பவர்கள் அறையை வெகுமுன்பே பதிவு செய்துகொள்ள வேண்டும்.