சொல்பவரும் கேட்பவரும்

மேடையில் ஏறியவர் எல்லோரும் பேச்சாளர் ஆவதில்லை. ஏடெடுத்தவர் எல்லோரும் எழுத்தாளர் ஆவதுமில்லை. கேட்பதற்கு ஒருவர் மனமிசைந்து அமரும்போதுதான் கலை பிறக்கிறது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடையிலான இந்த உறவு ஈழத்தில் எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறெல்லாம் உருமாறியது என்பதை நேயர்களோடு சற்றே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நெடுங்காலமாக நிலவி வரும் புராணபடனத்திலிருந்து தொடங்குவோம். கந்தபுராணமோ பெரியபுராணமோ, ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். சுற்றியிருந்து கேட்போருள் எழுத்தறியாத கமக்காரரும் இருப்பர், இலக்கணம் கற்ற பண்டிதரும் இருப்பர். வாசிப்பவர் சீர் பிரிப்பதிலே தவறினால் மூலையில் இருக்கும் முதியவர் ஒருவர் திருத்துவார். பயன் சொல்பவர் பொருளை வழுவவிட்டால் மறுநாள் அதுவே ஊர்ப் பேச்சாகிவிடும். ஆண்டுதோறும் அதே புராணத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகிய செவிகள் அவை. அங்கே கேட்பவர் மாணாக்கராகவும் இருந்தார், பரீட்சகராகவும் இருந்தார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்து வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறிப்பிட்டார்கள். அந்தக் கலாசாரத்தைக் காத்ததில் சொன்னவர்களுக்கு உள்ள பங்கு கேட்டவர்களுக்கும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த உறவிலே பெரியதொரு மாற்றம் நேர்ந்தது. 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமாரும் வெஸ்லியன் பாதிரிமாரும் பள்ளிக்கூடம், அச்சியந்திரம் ஆகியவற்றோடு பிரசங்கம் என்னும் கருவியையும் வலிமையாகக் கையாண்டனர். செய்யுளின் துணையின்றி, அன்றாட வசனத்தில், ஒரு பொருளை எடுத்துக்கொண்டு கேட்போரை நேரே விளித்துப் பேசும் முறை அது. வெஸ்லியன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் பணியாற்றி, விவிலிய மொழிபெயர்ப்பிலும் அவருக்கு உதவிய ஆறுமுக நாவலர் (1822 - 1879) இந்தக் கருவியின் ஆற்றலை நன்கு அறிந்துகொண்டார். 1847ஆம் ஆண்டு டிசெம்பர் 31ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தமது முதற் பிரசங்கத்தை ஆரம்பித்தார். வெள்ளிதோறும் அப்பிரசங்கங்கள் தொடர்ந்தன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. புராணபடனத்தில் நூலே நடுநாயகம். செய்யுள் செல்லும் வழியிலேயே பயன் சொல்பவரும் செல்ல வேண்டும். பிரசங்கத்திலோ கேட்போரின் தேவைதான் முதலில் நிற்கிறது. அவர்களுக்கு எது ஐயம், எது குறை, எது தெரியாது என்று அறிந்து அதற்கேற்பப் பேச வேண்டும். 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவருக்கு நாவலர் என்ற பட்டம் கிடைத்ததும் இந்த நாவன்மையினாலேயே. பின்னாளில் அவர் எழுதிய வசன நூல்களிலும் பாலபாடங்களிலும் சந்தி பிரித்தும் நிறுத்தக் குறிகள் இட்டும் எழுதியதை உரைநடை வரலாற்றில் தனியே குறிப்பிடுவார்கள். வாசகர் எங்கே மூச்சு விடுவார், எங்கே தடுமாறுவார் என்று எண்ணி எழுதிய எழுத்து அது. முன்னே கூட்டத்தை வைத்துப் பேசிப் பழகிய ஒருவர், கண்ணுக்குத் தெரியாத வாசகரையும் அவ்வாறே முன்னிருத்தி எழுதினார் என்று கொள்வது பொருந்தும்.

இனிக் கூத்துக்கு வருவோம். மட்டக்களப்பு நாட்டுக்கூத்தின் வட்டக்களரியில் கேட்போர் நாற்புறமும் சூழ்ந்திருப்பர். ஆடுபவருக்கு முதுகுப்புறம் என்று ஒன்று கிடையாது. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் பல மாதங்கள் நடக்கும் ஒத்திகைகளை ஊரவர்கள் கூட இருந்தே பார்ப்பார்கள். அரங்கேற்ற இரவில் அண்ணாவியார் மத்தளத்தைத் தட்டும்போது பாட்டுகளிற் பாதி ஏற்கெனவே ஊருக்குப் பாடமாகியிருக்கும். ஆதலால் விடிய விடிய நடக்கும் கூத்தில் கதை என்னவென்று அறிய எவரும் காத்திருப்பதில்லை. நம்முடைய பிள்ளை இந்த இடத்தை எப்படி ஆடப்போகிறான் என்பதற்கே காத்திருப்பர்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை நவீன மேடைக்குக் கொணர்ந்தார். ஓர் இரவு முழுவதும் நீண்ட கூத்து சுருக்கமாயிற்று. நாற்புறமும் இருந்த சபை ஒருபுறமாயிற்று. கற்றோரும் நகரத்தாரும் தமது மரபுக்கலையின் பெருமையை உணர அது வழிசெய்தது. அதேவேளை, ஊரோடு ஊராகக் கலந்திருந்த கேட்போர் அங்கே நுழைவுச்சீட்டோடு வரும் பார்வையாளராயினர். பேறும் இழப்பும் ஒன்றாகவே வந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை.

வில்லிசையிலோ கேட்பவருக்கு மேடையிலேயே ஓர் இடம் உண்டு. கதை சொல்பவர் ஒருவர். பக்கத்திலிருந்து "ஆமா" போடுபவர் மற்றொருவர். இந்த ஆமா போடுபவர் யார்? சபையில் இருப்பவர்களின் பிரதிநிதி அல்லவா? சபை கேட்க நினைப்பதை அவர் கேட்பார். சிரிக்க விரும்பும் இடத்திலே முதலிற் சிரிப்பார். வில்லிசைப் புலவர் சின்னமணி அவர்களின் நிகழ்ச்சிகளைக் கேட்டவர்களுக்கு இந்த நுட்பம் நன்கு விளங்கும்.

இத்தனை நூற்றாண்டுகளாகக் கண்ணெதிரே இருந்த கேட்பவர் திடீரென மறைந்துபோனால் என்ன செய்வது? வானொலி வந்தபோது எழுந்த கேள்வி இதுதான். கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று; 1949இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. ஒலிவாங்கிக்கு முன்னால் தலையசைப்பவர் இல்லை, கைதட்டுபவர் இல்லை, எழுந்து போகிறவரும் இல்லை. மேடையிலே முழங்கிப் பழகிய குரல் அந்தச் சிறிய அறையிலே செயற்கையாக ஒலித்தது. இலட்சக்கணக்கானோர் கேட்டாலும் வானொலியை ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலே தனியாகத்தான் கேட்கிறார் என்ற உண்மையை உணர்ந்தவர்களே அதில் வெற்றி கண்டனர். இலண்டன் பி.பி.ஸி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்று பெயரிட்டவராக அறியப்படும் நம் நாட்டவரான சோ. சிவபாதசுந்தரம், ஒலிபரப்புக் கலை என்று ஒரு நூலே எழுதினார். சானா சண்முகநாதன் போன்றோர் வானொலி நாடகத்திலே வீட்டுப் பேச்சுத் தமிழைக் கொணர்ந்தனர். ஊரிலே நாம் நாளும் சந்திக்கும் மனிதர்கள் வானொலிப் பெட்டிக்குள்ளிருந்து பேசினார்கள். எஸ். இராமதாஸ் எழுதிய நகைச்சுவைத் தொடர் நாடகத்துக்கு எழுந்த வரவேற்பு, அது 1976இல் கோமாளிகள் என்ற திரைப்படமாக வெளிவரக் காரணமாயிற்று. காதால் மட்டும் அறிந்தவர்களைக் கண்ணாலும் காண நேயர்கள் விரும்பினார்கள்.

மறைந்திருந்த நேயர் தபாலட்டை வழியாகத் திரும்பி வந்தார். பாராட்டு, கண்டனம், உச்சரிப்புத் திருத்தம், பாடல் விருப்பம் எல்லாம் அதிலே வந்தன. அன்று கோயில் மூலையில் இருந்து வாசிப்பைத் திருத்திய முதியவரே இன்று அட்டையிலே எழுதுகிறார் என்று கொள்ளலாம்.

இந்த உறவு எவ்வளவு ஆழமானது என்பதை யுத்தகாலம் காட்டிற்று. 1990க்குப் பின் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அக்காலத்திலே மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தால் வானொலி கேட்டார்கள். சுழற்றும் கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். ஒருவர் சுழற்ற, சூழ்ந்திருந்தவர்கள் செய்தியும் நாடகமும் பாட்டும் கேட்டார்கள். கேட்பதற்காக அவர்கள் கொடுத்த விலை அந்தக் கையுழைப்பு. ஒலிபரப்பிய நிலையங்களில் இருந்தோர் எத்தனை பேர் அதை நினைத்துப் பேசியிருப்பார்கள்?

தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017ஆம் ஆண்டு ஏப்ரலுடன் நின்றுபோயிற்று. கருவிகள் வரும், போகும். இன்று ஒரு கைத்தொலைபேசி இருந்தால் எவரும் உலகத்தோடு பேசலாம். கேட்பவர் தொகையை அது உடனே எண்ணியும் காட்டிவிடும். ஆனால் கேட்டவர் திருத்தினாரா, கேட்டபின் அவர் வாழ்வில் ஏதேனும் மாறிற்றா என்பதை அந்த எண் சொல்வதில்லை. பேசுபவரும் எழுதுபவரும் பாடுபவரும் தமது வாயைத் திறக்குமுன், எங்கோ ஓர் இருண்ட வீட்டிலே தமக்காக மிதியைச் சுழற்றிக்கொண்டிருந்த அந்தக் கையை ஒரு கணம் எண்ணிக்கொள்ளட்டும். அந்த உழைப்புக்குத் தகுதியானதைச் சொல்லுகிறோமா என்ற கேள்விக்கு அவரவர்தாம் விடை சொல்ல வேண்டும்.